வேளைக்கீரையும் உடனுண்ணலும்

அரசர் செய்த போர்களும், எடுப்பித்த கோயில்களும், அளித்த செப்பேடுகளும் வரலாறு எனப் பெயர் பெற்று நூல்களில் இடம் பெறுகின்றன. அவ்வரசரும் அவர்தங் குடிகளும் நாடோறும் உண்ட உணவு யாது, அதனை யாருடன் இருந்து உண்டனர் என்னுஞ் செய்தியோ பெரும்பாலும் எழுதப்படாமலே ஒழிகின்றது. ஒரு மக்கட் கூட்டத்தாரின் உண்மை நிலையை அறிதற்கு அவர்தம் வாளினும் அவர்தம் உண்கலமே சிறந்த சான்று என்பது எம் கருத்து. நம் பண்டைப் புலவர்கள் அரண்மனை விருந்தைப் பாடியதோடு அமையாது, குப்பைமேட்டிற் கிள்ளிய கீரையையும் பாடி வைத்தனர். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1889-இல் பத்துப்பாட்டையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டு உதவிய பின்னர், அக்கீரையின் சரித்திரமும் நம் கைக்கு எட்டுவதாயிற்று. வேளை என்னும் ஒரு கீரையை மூன்று அடுப்புகளிற் பின்தொடர்ந்து சென்று, எளிய உணவின் இன்பம் எதன்கண் உள்ளது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அம்மூன்றனுள் ஒன்று நம் புதுக்கோட்டைச் சீமையைச் சார்ந்தது. ஆதலின் இவ்வாராய்ச்சி நமக்கு உரியதேயாம்.

நம் சீமை காவிரி பாய்ந்து வளஞ்செய்யும் நாடன்று. வானத்தை நோக்கிக் கண்மாயையும் ஏரியையும் நம்பி வாழும் நிலம் இது. இதன் நடுவே ஓடும் வெள்ளாறு பண்டு சோழநாட்டிற்கும் பாண்டிநாட்டிற்கும் எல்லையாய் இருந்தது. அதன் வடகரை கோனாடென்றும் தென்கரை கானாடென்றும் வழங்கின. வரகும் கேழ்வரகும் கம்புமே நம் முன்னோர்க்கு நாட்சோறு. நெற்சோறு விழாநாளுக்கு உரியது என்றிருந்த இல்லங்கள் பல. காலையிற் பழையதும் நீராகாரமும், கூட ஒரு துவையலோ வற்றலோ. மாலையிற் கூழும் கீரையும். இத்தகைய நிலத்திற்கு ஏற்றதொரு செடி வேளை. மழை பெய்து சில நாட்களில் வேலியோரத்தும் குப்பைமேட்டிலும் விதைப்பாரின்றித் தானே முளைப்பது; வெள்ளையாய்ப் பூப்பது; விலை கொடாமற் கிடைப்பது. ஆகவே அது எக்காலத்தும் எளியவர் கீரையாயிற்று.

முதல் அடுப்பு பாண்டிநாட்டு இடையர் சேரியது. உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன், தன் மக்களோடு நேர்ந்த பகையால் உள்ளம் உடைந்து, உணவு துறந்து வடக்கிருந்தான். பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் அவனுக்கு உயிர்த்தோழர். ‘அவர் வருவாரோ, வாராரோ’ என்று அருகிருந்தோர் ஐயுற்றபோது அவன் கூறிய விடை புறநானூற்றின் 215-ஆம் பாட்டாக நிற்கின்றது. செல்வம் உள்ள காலத்து வாராதிருப்பினும், துன்பம் வந்த காலத்து அவர் வாராதிரார் என்பது அவ்விடையின் கருத்து. அதனைச் சொல்லுமுன், தோழரது நாட்டை அவன் ஓர் உணவினால் அடையாளங் கூறுகின்றான். குற்றிய வரகரிசிச் சோறு. தெருவோரத்து எருக்குப்பையில் மலர்ந்த வேளையின் வெண்பூவை வெண்டயிரோடு சேர்த்து ஆய்மகள் சமைத்த புளிங்கூழ். அதனை அவரை கொய்வோர் வயிறார உண்ணுகின்றனர். அத்தகைய நாட்டிலுள்ளது பிசிர் என்கின்றான்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இவ்வுணவை நினைப்பவன் முடிமன்னன். அதுவும் உணவைத் துறந்து உயிர்விடத் துணிந்தவன். அரண்மனையில் அவன் உண்ட ஊனும் நெய்யும் அவன் நினைவில் எழவில்லை. அவரைக் கொல்லையிற் கூலியாட்கள் ஒருங்கிருந்து உண்ட கூழே நட்பைப் பற்றிப் பேசத் தொடங்கியவன் நாவில் முதலில் வருகின்றது. உடனுண்ணலையும் தோழமையையும் ஒருசேர நினைப்பது நம்மவர்க்கே உரியதன்று. ஆங்கிலத்திற் ‘கம்பானியன்’ என்று தோழனுக்குப் பெயர். இலத்தீன் மொழி வழியே அச்சொல்லை ஆராயின், ஒன்றாக அப்பம் உண்பவன் என்பதே அதன் பொருள் என்பர் மொழிநூலார்.

இரண்டாவது அடுப்பு ஒரு பாணன் வீட்டது. நத்தத்தனார் நல்லியக்கோடன்மேற் பாடிய சிறுபாணாற்றுப்படையில் அது காணப்படும். சுவர் செல்லரித்து இற்று விழும் அடுக்களை; அதில் காளான் பூத்திருக்கின்றது; ஈன்றணிமையுடைய நாயொன்று பால் சுரவாமையால் கண் திறவாத தன் குட்டிகளுக்கு முலை கொடுக்க மாட்டாது குரைக்கின்றது. பசியால் இடை ஒடுங்கிய இல்லாள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளிவந்து வேகவைக்கின்றாள். அதிலிட உப்பும் இல்லை. வறுமையின் இயல்பு அறியாதார் கண்டு பழிப்பரே என்று நாணி வாயிற்கதவை அடைத்துவிட்டுப் பெருஞ்சுற்றத்தோடு ஒருங்கிருந்து அதனை உண்கின்றனர்.

இப்பகுதியை வறுமையின் எல்லைக்கு எடுத்துக்காட்டாகவே ஆசிரியர்கள் பாடஞ் சொல்லுவர். யாமும் மாணவர்க்கு அவ்வாறு சொல்லியதுண்டு. அது பொருத்தமே. ஆயினும் ஒன்றை நோக்குக. கதவு புறத்தார்க்கு அடைக்கப்பட்டது, சுற்றத்தார்க்கு அடைக்கப்படவில்லை. உப்பில்லாத அக்கீரை ஒருவர்க்கே போதாததாகவும் இருந்திருக்கலாம். ‘நமக்கே காணாது, இவர்கள் எதற்கு’ என்று அவ்வில்லாள் கருதினாள் அல்லள். இதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது பெருஞ்சித்திரனார் செய்தி. அவர் மனைவியும் குப்பைக்கீரையின் இளந்தளிரைக் கொய்து, உப்பும் மோரும் சோறும் இன்றி வெறும் இலையையே உண்டவள் என்பது புறநானூற்றின் 159-ஆம் பாட்டால் தெரிகின்றது. குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட அன்று, அவர் அவளுக்குச் சொன்னது 163-ஆம் பாட்டு. உன்னை விரும்புவார்க்கும், நீ விரும்புவார்க்கும், சுற்றத்தார்க்கும், முன்பு நமக்குக் கடன் தந்தார்க்கும் கொடு, இன்னார்க்கு என்று பாராதே, என்னையும் கேளாதே, சேமித்து வைத்துச் செம்மையாக வாழ்வோம் என்றும் எண்ணாதே, எல்லார்க்கும் கொடு என்கின்றார். நேற்று உப்பிற்கு வழியில்லாதவர் இன்று சொல்லுஞ் சொல் இது. இல்லாமையில் உடனுண்டு பழகியவர்க்கன்றி இச்சொல் வாயில் வருமோ?

மூன்றாவது அடுப்பு நம் சீமையைச் சார்ந்தது. பூதப்பாண்டியன் என்னும் அரசன் ஒல்லையூர் தந்தவன் என்று சிறப்பிக்கப்படுகின்றான். ஒல்லையூர் என்பது திருமெய்யம் பகுதியில் ஒலியமங்கலம் என இப்போது வழங்கும் ஊரென்பர் ஆராய்ச்சியாளர். ஒல்லையூர்க் கூற்றம் என்னும் நாட்டுப் பிரிவின் பெயரும் நம் சீமைக் கல்வெட்டுக்களில் வருகின்றது. இவ்வரசன் போருக்கு எழுமுன் கூறிய வஞ்சினம் புறநானூற்றின் 71-ஆம் பாட்டு. பகைவரை வெல்லேனாயின் என் மனைவியைப் பிரிவேனாக என்பது அவ்வஞ்சினத்தின் முதற்பகுதி. கண்போன்ற நண்பரோடு கூடி மகிழும் மகிழ்ச்சியையும் இழப்பேனாக என்று பின்னர்ச் சொல்லுகின்றான். உடனிருத்தலை இழப்பதே அவனுக்குப் பெருந்தண்டனையாகத் தோன்றிற்று.

அவன் இறந்தபோது, அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயச் சென்றாள். சான்றோர் தடுத்தனர். அவர்களை நோக்கி அவள் சொன்னதே 246-ஆம் பாட்டு. தான் உயிரோடிருந்தால் உண்ண வேண்டிய உணவை அவள் எண்ணிக் காட்டுகின்றாள். நெய் தீண்டாது, இலையில் வைத்த, நீரினின்றும் கையாற் பிழிந்தெடுத்த சோறு, வெள்ளெள்ளுத் துவையல், புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரை. பாயும் இன்றிப் பருக்கைக் கல்லிற் படுக்கை. இவற்றை ஏற்று வருந்தும் பெண்டிர் யாம் அல்லேம். எமக்குத் தீயும் தாமரைப் பொய்கையும் ஒன்றே என்கின்றாள்.

இனி, மூன்று அடுப்புகளையும் ஒப்புநோக்குவோம். பாணன் வீட்டுக் கீரைக்கு உப்பும் இல்லை. தேவி கூறிய கீரைக்கோ புளி உண்டு, கூட எள்ளுத் துவையல் உண்டு, சோறும் உண்டு. நாவினால் மட்டும் அளந்தால் தேவி வெறுத்த உணவே பாணன் உணவினும் உயர்ந்தது. நீர்ச்சோறும், எள்ளுத் துவையலும், புளியிட்ட கீரையும் இன்றும் நம் இல்லங்களில் விருப்போடு உண்ணப்படுவனவே. பழைய சோற்றை மண்கலத்திலிட்டு விலைக்கு விற்கும் உணவுச்சாலைகளும் இக்காலத்து நகரங்களில் உள்ளன. அவ்வாறாகத் தீயினும் கொடிதாக அவ்வுணவு அவளுக்குத் தோன்றியது ஏன்?

கணவனைப் பிரிந்த துயரமே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. அதனோடு பிறிதொரு காரணமும் உண்டென்பதற்கு அடுத்து வரும் பாட்டுக்கள் சான்று பகர்கின்றன. ஒக்கூர் மாசாத்தனார் பாடிய 248-ஆம் பாட்டில், கணவனை இழந்தாள் ஒருத்தி ஆம்பலின் அல்லியரிசியை உண்கின்றாள். உண்ணும் பொழுதும் மாறி வேறு பொழுதில் உண்கின்றாள். பொழுது மாறியது என்றால், ஏனையோர் உண்ணும் வேளையில் அவளுக்கு இடமில்லை என்பதன்றோ பொருள்? தாயங்கண்ணியார் பாடிய 250-ஆம் பாட்டு இன்னும் தெளிவானது. தாளிப்பின் ஓசை நிறைந்து, கொழுவிய துவையலோடு கூடிய சோற்றால் இரவலரை மேற்செல்லவொட்டாது தடுத்து நிறுத்திய வாயில் அது. தலைவன் இறந்தபின், கூந்தல் களைந்து, வளை நீத்து, அல்லியுணவு உண்ணும் மனைவியோடு அவ்வில்லம் பொலிவிழந்து நிற்கின்றது. அவளிடமிருந்து பறிக்கப்பட்டது நெய்யும் நல்ல சோறும் மட்டும் அன்று. பிறர்க்கு இடும் உரிமையும், பிறரோடு உண்ணும் உரிமையும் உடன் பறிக்கப்பட்டன. கோவலன் பிரிந்திருந்த நாட்களில் விருந்தெதிர் கொள்ளும் பேற்றை இழந்திருந்ததைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையிற் கண்ணகி தன் குறையாகக் கூறுவதும் ஈண்டு நினைக்கத்தகும்.

ஆகவே யாம் துணிவது இதுவாகும். எளிய உணவின் சுவை இலையிலும் இல்லை, உப்பிலும் இல்லை. உடனிருப்பார் முகத்தில் உள்ளது. குறுந்தொகையின் 167-ஆம் பாட்டில், புதுமணப்பெண் ஒருத்தி கட்டித்தயிரைத் தன் கையாற் பிசைந்து, தாளிப்புப் புகை கண்ணிற் படவும் துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்டான். அவள் முகம் நுட்பமாக மலர்ந்தது என்று செவிலி கண்டுவந்து தாய்க்கு உரைக்கின்றாள். குழம்பு எத்தகையது என்பதைச் செவிலி ஆராய்ந்தாள் அல்லள். உண்டவன் சொல்லையும் சமைத்தவள் முகத்தையுமே கண்டுவந்தாள்.

இக்கருத்திற்கு நம் மாவட்டத்துத் திருக்கோயில் ஒன்றும் துணைநிற்கின்றது. மாணிக்கவாசகர் அருள்பெற்ற திருப்பெருந்துறை என்னும் ஆவுடையார்கோயில், 1974-ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபோது தஞ்சை மாவட்டத்தினின்றும் பிரிந்து இதனோடு சேர்ந்தது. அங்கே கருவறையில் ஆவுடை மட்டுமே உண்டு. இலிங்கத் திருவுருவம் இல்லை. நிவேதனமோ புழுங்கலரிசிச் சோறும், கீரையும், பாகற்காயும். ஆவி பறக்கும் சோற்றைப் படைகல்லில் இட்டு அவ்வாவியையே நிவேதிக்கின்றனர். இறைவன் முதிய ஆசிரியராக வந்து அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி, அவ்வில்லத்தார் இட்ட எளிய உணவை ஏற்றான் என்பது தலவரலாறு. நம் வீடுகளில் அன்றாடம் வேகும் அரிசியும், குழந்தைகள் கசக்கின்றதென்று ஒதுக்கும் காயுமே அவனுக்குப் பிரியமான உணவாயின.

கொடுத்தல் வேறு, உடனுண்ணல் வேறு என்பதையும் இவ்விடத்துப் பிரித்தறிதல் வேண்டும். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நவராத்திரி நாட்களில் அரிசியோடு அம்மன் காசும் தானமாக வழங்கும் வழக்கம் இருந்தது. ஒருபுறம் பிரகதாம்பாள் திருவுருவும், மறுபுறம் தெலுங்கெழுத்தில் ‘விஜய’ என்னுஞ் சொல்லும் பொறித்த சிறு செப்புக்காசு அது; இருபது காசு ஓரணா. 1948-இல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து, அவ்வாட்சியும் முடிவுற்றது. அத்தானம் பலர் அடுப்பை எரியச் செய்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அரிசி பெற்றவர் அதனைத் தம் வீட்டிற்குக் கொண்டுபோய்த் தாமே சமைத்து உண்டனர். கொடுத்தவரும் பெற்றவரும் ஓரிலையில் அமர்ந்தாரல்லர். பசியைத் தானம் போக்கும். தனிமையைப் போக்க உடனுண்ணலே வேண்டும்.

உடனுண்ணல் எளிதன்று என்பதையும் நம் நாட்டு வரலாறு காட்டுகின்றது. திருக்குறளை 1916-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட வ. வே. சு. ஐயர், 1922-இல் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கிச் சேரன்மாதேவியில் நடத்தினார். அங்கே பிராமணச் சிறுவர் இருவர்க்கு மட்டும் தனியே உணவளிக்க இடங்கொடுத்தது 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டையே கலக்கிய பெருங்கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று. தேசத்தொண்டிலும் தமிழ்த்தொண்டிலும் ஒன்றுபட்டு நின்றோரை ஒரு சோற்றுப் பந்தி இருகூறாக்கிற்று. பந்தியிற் பிரிந்தவர் பாடத்தில் ஒன்றாவது எங்ஙனம் என்பதே அன்று எழுந்த வினா.

அவ்வினாவிற்கு விடையைப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம் சிறிது சிறிதாகத் தந்துவருகின்றது. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவும், 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியிற் சத்துணவும், 2022-இற் காலையுணவும் வந்தன. எம்போன்ற ஆசிரியர்கள் நாடோறுங் காண்பது இது: உப்புமாவாயினும் பொங்கலாயினும், பல தெருக்களிலிருந்து வந்த பிள்ளைகள் வரிசையாய் அமர்ந்து, ஒரே பானைச் சோற்றை ஒரே கரண்டியால் பெறுகின்றனர்; ஒருவன் தட்டிலுள்ளதை மற்றொருவன் கேட்காமலே எடுக்கின்றான். சமைப்பவர் இன்னார் என்பதனால் தம் பிள்ளைகளை உண்ணவொட்டாது தடுத்த பெற்றோர் செய்தியும் சிற்சில ஊர்களிலிருந்து செய்தித்தாள்களில் வந்ததுண்டு. பிள்ளைகள் தாமாகத் தடுத்துக்கொண்டதாக ஒரு செய்தியும் யாம் கண்டிலேம்.

இனி, நம் இல்லத்தையும் நம் சங்கத்தையும் நோக்குவோம். உடன்கட்டை ஏறுதலை 1829-இல் வங்காளத்திலும், 1830-இற் சென்னை மாகாணத்திலும் சட்டம் விலக்கிற்று. பெருங்கோப்பெண்டு புகுந்த தீ அவிந்தது. அவள் அஞ்சிய உணவை விலக்குதற்குச் சட்டம் ஏதும் இல்லை. அது நம் கையில் உள்ளது. மொட்டையும் வெள்ளைச் சேலையும் அருகிவிட்டன என்று நாம் பெருமை கொள்கின்றோம். ஆயினும் திருமண வீட்டில் முதற்பந்திக்கு வாராது பின்கட்டில் ஒதுங்கியிருக்கும் தாய்மார் நம்மிடையே இன்னும் இல்லையா? எல்லாரும் உண்டெழுந்தபின் அடிச்சட்டியை வழித்து உண்ணும் மனைவியரும், மக்கள் வெளியூர் சென்றுவிடத் தனி வீட்டில் ஒரு தட்டோடு அமரும் முதியோரும் எத்தனையர்? அவர்தம் தட்டில் நெய் உண்டு. புளியும் உப்பும் உண்டு. உடனிருப்பார் முகம் ஒன்றே இல்லை.

நம் சங்கத்து ஆண்டுவிழாக்களில் நிகழும் பேருண்டியை விருந்து என்றே அழைப்பிதழில் அச்சிடுகின்றோம். விருந்து என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். தொல்காப்பியனார் நூலின் எண்வகை வனப்புக்களுள் ஒன்றிற்கு இப்பெயரை இட்டதும் அப்பொருள் பற்றியே. அதன்பின் அது புதிதாக வந்தாரைக் குறித்தது; அதன்பின்னரே அவர்க்கு இடும் உணவைக் குறித்தது. நம்மவரே சமைத்து, நம்மவரே உண்டு, நம்மவரே எழுந்து போதல் சுற்றந் தழுவுதல் ஆகலாம், அதுவும் நல்லதே. புதியவர் ஒருவரும் இல்லாத பந்திக்கு விருந்து என்னும் பெயர் பொருந்தாது என்பதைத் தமிழ் கற்றோம் என்ற முறையில் யாம் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

பெருஞ்செலவு செய்ய வேண்டுவதில்லை. வருகின்ற ஆண்டுவிழாவில் பதினாறு வகைக் கறியைக் குறைத்து, சோறும் குழம்பும் ஒரு கீரையும் மோரும் போதுமென்று வைப்போம். முதற்பந்தியில் நம் குடும்பத்துக் கணவனை இழந்த தாய்மாரை அமர்த்துவோம். பந்தலிட்டவரும், பாத்திரம் துலக்குவோரும், அயல் தெருவாரும் அதே பந்தியில் நம்மோடு அமரட்டும். வீட்டிலோ, நாளில் ஒருவேளையேனும் சமைத்தவளும் உடனமர்ந்து உண்ணும்படி செய்வோம். ஒல்லையூர்த் தேவி வெறுத்த அதே எள்ளுத் துவையலும் புளியிட்ட கீரையும் அன்று எத்துணை இனியவாகும் என்பதை அன்பர்கள் உண்டு காண்பார்களாக.